பல் கிளினிக்கில் நோயாளியின் விவரங்களைக் காப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

பல் கிளினிக்குகளுக்குக் கணினி, நெட்வொர்க் வேலை செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஒரு கிளினிக்குக்கு முதல் நாள் போனபோது மருத்துவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்த ஹேக்கரும் உள்ளே வரக் கூடாது." சரி என்று சொல்லிவிட்டு, வயர் எப்படிப் போகிறது என்று பார்க்கப் பின்பக்கம் போனேன். குப்பைக்கூடையில் ஏழெட்டு பிளாஸ்டர் பல் மாதிரிகள் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் முழுப்பெயர், தேதி. இரண்டில் போன் நம்பரும் இருந்தது.

அதற்கப்புறம் நான் எங்கேயும் வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலில் தொடங்குவதில்லை. பல் கிளினிக்கிலிருந்து விவரம் வெளியே போவது, நான் பார்த்தவரை, யாரோ தன் வேலையைச் சுலபமாக்கிக்கொள்ளச் செய்த சின்ன ஏற்பாட்டின் வழியாகத்தான். கீழே உள்ள வரிசை புதிதாகக் கிளினிக் திறந்தவர்களுக்கும் ரிசப்ஷனில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும். முதல் மூன்று படிகளை ஒரே மதியத்தில் முடித்துவிடலாம். ஆறாவது படிக்கு மட்டும் விஷயம் தெரிந்த ஆளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு நோயாளியின் பின்னாலேயே நடந்து பாருங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: என்ன விவரம், எங்கே இருக்கிறது, யார் பார்க்க முடியும், எப்போது அழியும். இப்போது ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொண்டு அவர் போகும் வழியெல்லாம் போங்கள். போன் செய்கிறார், பெயரும் நம்பரும் அப்பாயின்ட்மென்ட் நோட்டில் ஏறுகின்றன. வருகிறார், படிவம் நிரப்புகிறார். நாற்காலியில் சாய்கிறார், எக்ஸ்ரே எடுக்கிறார்கள். உதவியாளர் போனில் ஒரு போட்டோ. கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை) செய்து தரும் லேப்புக்கு ஒரு சீட்டு. பில். மறுநாள் நினைவூட்டல் செய்தி.

இவ்வளவும் எல்லோருக்கும் உடனே தோன்றிவிடும். தோன்றாதவைதான் முக்கியம். ரிசப்ஷனிஸ்ட்டின் சொந்த போனில் பெயருக்குப் பின்னால் "ரூட் கெனால்" என்று சேமித்து வைத்திருக்கும் காண்டாக்ட், ஊழியர்களின் வாட்ஸ்அப் குழு, ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினி, அலமாரிக்கு மேலே அடுக்கிய பிளாஸ்டர் மாதிரிகள். நான்காவது கட்டம் அநேகமாகக் காலியாகவே இருக்கும். அப்படியே விடுங்கள், அதற்குப் பிறகு வருவோம்.

படி 2: படிவத்தில் கேட்பதைக் குறையுங்கள்

"பல்லுக்குத்தானே வந்தேன், இதெல்லாம் எதற்கு?" என்று நோயாளிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்குப் பல் பிடுங்கினால் ரத்தம் நிற்கத் தாமதமாகும். எலும்பு அடர்த்திக் குறைவுக்குக் கொடுக்கும் சில மருந்துகளால், பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமலே போகலாம். பென்சிலின் ஒவ்வாமை, கர்ப்பம், சர்க்கரை நோய் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. ஆக, ஒரு பல் கிளினிக்கின் ஃபைலில் பல்லைவிட உடம்பைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம், உடல்நல விவரத்தைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் வகையாகவே பிரித்து வைத்திருக்கிறது.

படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள்: இந்தப் பதில் சிகிச்சையையோ பில்லையோ மாற்றுமா? மாற்றாது என்றால் அடித்துவிடுங்கள். திருமணமானவரா, எங்கே வேலை பார்க்கிறார், அடையாள அட்டை நகல் போன்றவை பெரும்பாலும் இதில் போய்விடும். அப்புறம், பதில்களை ரிசப்ஷனில் சத்தமாகக் கேட்டு நிரப்பாதீர்கள். "சுகர் இருக்கா? வேற ஏதாவது மாத்திரை?" என்பதைக் காத்திருக்கும் நான்கு பேரும் கேட்கிறார்கள்.

படி 3: ஆளுக்கொரு லாகின்

பல இடங்களில் எல்லோருக்கும் ஒரே லாகின்தான். பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். யார் எந்த ஃபைலைத் திறந்தார்கள் என்று மென்பொருள் பதிவு செய்துகொண்டுதான் இருக்கும். ஆனால் எல்லாமே "ரிசப்ஷன்" என்ற ஒரே பெயரில் பதிவானால் அந்தப் பதிவால் என்ன பயன்?

ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுங்கள். ரிசப்ஷனுக்கு அப்பாயின்ட்மென்ட், பில், தொடர்பு எண் போதும்; முழு மருத்துவ வரலாறு தேவையில்லை. வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றைக்கே முடக்குங்கள். பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றச் சொல்லிப் படுத்த வேண்டாம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017 வழிகாட்டுதலிலேயே, காரணமில்லாமல் மாற்ற வைப்பதை விடச் சொல்லிவிட்டது. மாற்ற வைத்தால் கடைசி எண் மட்டும்தான் 1, 2, 3 என்று ஏறும். நீளமான பாஸ்வேர்டு, அதோடு போனுக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பு, இதுவே நல்லது.

இருக்கையை விட்டு எழுந்தால் விண்டோஸ் பொத்தானோடு எல் எழுத்தை அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

படி 4: எக்ஸ்ரேயும் போட்டோவும்

பல் கிளினிக்குக்கே உரிய சிக்கல் இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முழுவாய் எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் பெரும்பாலும் டைகாம் என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. டைகாம் ஃபைலுக்குள் படம் மட்டும் இருப்பதில்லை. படத்துக்கு முன்னால் ஒரு தலைப்புப் பகுதி இருக்கிறது. அதில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, பதிவு எண், எடுத்த நாள் எல்லாம் எழுத்தாகவே இருக்கும். ஃபைலின் பெயரை "மாதிரி 1" என்று மாற்றி அனுப்பினாலும் உள்ளே இருப்பது அப்படியேதான் போகும். சோதித்துப் பாருங்கள்: ஒரு டைகாம் ஃபைலை ஏதாவது இலவச வியூவரில் திறந்து, தலைப்பு விவரங்களைக் காட்டும் மெனுவை அழுத்துங்கள். முதல்முறை பார்க்கும் மருத்துவர்கள் அநேகமாக ஒரு நிமிடம் பேச மாட்டார்கள்.

சரி, ஜேபெக் படமாக மாற்றிவிட்டால்? தலைப்புப் பகுதி போய்விடும். ஆனால் சில இயந்திரங்கள் படத்தின் மூலையிலேயே பெயரைப் பதித்துவிடுகின்றன. அதைத் தனியாக வெட்ட வேண்டும்.

வெட்டிய பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. வேரின் வளைவு, பல் அடைத்த இடம், விழுந்த பல்லின் இடைவெளி எல்லாம் சேர்ந்தால் அந்த ஒருவரைத்தான் குறிக்கும். பெரும் விபத்துகளில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் வைத்திருக்கும் மூன்று முதன்மை வழிகளில் விரல்ரேகை, டிஎன்ஏ இரண்டோடு பல்லும் ஒன்று. அதனால் "பெயரை எடுத்துவிட்டேன், இனி இது யாருடையதோ" என்று நினைத்துவிடக் கூடாது. வகுப்பிலோ விளம்பரத்திலோ காட்டுவதற்கு முன் நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இதற்குச் செல்லாது.

போன் போட்டோ இன்னும் வழுக்கலான இடம். உதவியாளர் அவசரத்துக்குத் தன் சொந்த போனில் எடுக்கிறார். அது தானாகவே அவருடைய கிளவுட் கணக்கில் ஏறி, வீட்டில் குழந்தை விளையாடும் டேப்லெட்டிலும் வந்து நிற்கிறது. மிகைப்படுத்தவில்லை, பார்த்திருக்கிறேன். இதற்கென்று கிளினிக்குக்கு ஒரு தனி போனோ கேமராவோ வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிளவுட் ஒத்திசைவையும் கேமராவின் இடக்குறிப்பையும் அணைத்துவிடுங்கள். படத்தை அன்றைக்கே நோயாளியின் ஃபைலுக்கு மாற்றிவிட்டு போனிலிருந்து அழியுங்கள். அழித்ததும் போய்விடாது என்பதையும் நினைவில் வையுங்கள்; ஐபோனில் அழித்த படம் இன்னும் 30 நாள் வரை வேறொரு ஆல்பத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கேயும் போய் அழியுங்கள்.

படி 5: லேப்புக்குப் போகும் சீட்டு

ஒரு கிரவுன் செய்ய லேப்புக்கு என்ன தெரிய வேண்டும்? இவ்வளவுதான்:

கேஸ் 1182, ச.வ. / 36 / கிரவுன் / நிறம் ஏ2 / வெள்ளிக்குள் வேண்டும்

36 என்றால் கீழ்த்தாடையில் இடப்பக்கம் முதல் கடைவாய்ப்பல். அதைச் செய்பவருக்கு அது யாருடைய பல் என்பது வேண்டியதில்லை. போன் நம்பர் நிச்சயமாக வேண்டியதில்லை. முதலெழுத்துகளை எதற்கு விட்டேன் என்றால், அவசரக் கையெழுத்தில் 1182ஐ 1132 என்று படித்து இன்னொருவர் வாய்க்குப் போகும் கிரவுன் வந்துவிட்டால் அது வேறு தலைவலி. எண்ணும் முதலெழுத்தும் பொருந்தினால்தான் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டர் மாதிரியின் அடியிலும் இதே எண்தான். வாய்க்குள் ஸ்கேன் எடுப்பவர்கள், ஏற்றுமதியாகும் ஃபைலின் பெயரில் நோயாளியின் பெயர் தானாகச் சேர்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

படி 6: எக்ஸ்ரே கணினியும் பேக்கப்பும்

எக்ஸ்ரே சென்சாரின் டிரைவர் (சென்சாரைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) புது விண்டோஸில் ஓடாது என்பதற்காக ஒரு கிழட்டுக் கணினியை வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14இலும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன. அப்டேட் போடாத கணினி என்ன செய்யும் என்பதற்கு 2017 மே மாதம் வந்த, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் போதும். அது நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அடைத்திருந்தது. அந்த அப்டேட்டைப் போடாத இங்கிலாந்து மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. புதிது வாங்க முடியாவிட்டால், அந்தக் கணினிக்கு இணைய இணைப்பைத் துண்டித்து, எக்ஸ்ரே எடுப்பதற்கு மட்டும் வையுங்கள். காத்திருப்போருக்குக் கொடுக்கும் வைஃபை கிளினிக்கின் நெட்வொர்க்கிலிருந்து தனியாக இருக்க வேண்டும். எல்லாக் கணினியிலும் ஹார்டு டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் போன்ற வட்டுப் பூட்டைப் போட்டுவிட்டால், லேப்டாப் திருட்டுப் போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது.

பேக்கப்புக்கு 3-2-1 என்று ஒரு பழைய கணக்கு உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. எப்போதும் செருகியே இருக்கும் ஹார்டு டிஸ்க்கை நம்பாதீர்கள். பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பல் கிளினிக்கில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நோயாளி ஃபைல் ஒரு மென்பொருளில், எக்ஸ்ரே படங்கள் வேறொரு மென்பொருளின் ஃபோல்டரில் இருக்கும். பேக்கப் எடுப்பது முதலாவதை மட்டும். ஒரு கிளினிக்கில் பேக்கப்பைத் திரும்ப எடுத்தபோது பெயரெல்லாம் வந்தது, எக்ஸ்ரே என்று அழுத்தினால் வெற்றுக் கட்டம். மூன்று வருடப் படங்கள் போயின. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் பேக்கப்பை இறக்கி, ஏதாவது ஒரு நோயாளியின் எக்ஸ்ரேயைத் திறந்து பாருங்கள்.

படி 7: பேச்சும் எழுத்தும்

"அவர் இன்றைக்கு வந்தாரா?" என்று மனைவியோ முதலாளியோ போனில் கேட்டால், நோயாளியின் சம்மதம் இல்லாமல் வந்தார் என்றும் சொல்லக் கூடாது, வரவில்லை என்றும் சொல்லக் கூடாது. நினைவூட்டல் செய்தியில் நாளும் நேரமும் போதும், சிகிச்சையின் பெயர் வேண்டாம்.

இணையத்தில் யாராவது திட்டி விமர்சனம் எழுதினால் கை பரபரக்கும். அடக்குங்கள். 2019இல் அமெரிக்காவில் ஒரு பல் கிளினிக், யெல்ப் தளத்தில் பதில் எழுதும்போது நோயாளியின் குடும்பப் பெயரையும் உடல்நல விவரத்தையும் போட்டுவிட்டது. 10,000 டாலர் கட்டி, இரண்டு வருடக் கண்காணிப்பையும் ஏற்க வேண்டியதாயிற்று. "எங்களை நேரில் தொடர்புகொள்ளுங்கள்" என்பதைத் தாண்டி ஒரு சொல்லும் வேண்டாம்.

நோயாளியே தன் ஃபைலின் நகலைக் கேட்டால், ஆளைச் சரிபார்த்துவிட்டுக் கொடுத்துவிடுங்கள். ஜெர்மனியில் ஒரு பல் நோயாளி, சிகிச்சையில் தவறு நடந்ததாகச் சந்தேகித்து நகல் கேட்டார். பல் மருத்துவர் அதற்குப் பணம் கேட்டார். 2023 அக்டோபர் 26இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், முதல் நகல் இலவசம், எதற்கு என்று காரணமும் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

இப்போது படி 1இல் விட்ட நான்காவது கட்டம். எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். குழந்தைகளின் ஃபைலுக்குப் பல இடங்களில் கூடுதல் காலம். உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்து எண்ணை எழுதுங்கள். காலம் முடிந்ததும் காகிதத்தைப் பொடிப்பொடியாக வெட்டும் இயந்திரத்தில் போடுங்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி உடைத்துவிட்டுத்தான் பழைய கணினியை விற்க வேண்டும். பிளாஸ்டர் மாதிரியில் பெயர் இருந்தால் சுரண்டிவிட்டு எறியுங்கள்.

படி 8: தவறு நடந்துவிட்டால்

தவறான ஆளுக்கு எக்ஸ்ரே போய்விட்டது, லேப்டாப்பைக் காணோம், திரையில் பணம் கேட்டு ஒரு செய்தி. எதுவானாலும் தெரியவந்த நேரத்தை முதலில் குறித்துவையுங்கள். ஜிடிபிஆர் கீழ் வரும் கிளினிக்குக்கு, நோயாளிகளுக்குப் பாதிப்பு வரக்கூடிய கசிவு என்றால் அதிகாரிகளிடம் சொல்ல அந்த நேரத்திலிருந்து 72 மணி நேரம்தான். வைரஸ் என்றால் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். ஆனால் கணினியை ஆஃப் செய்ய வேண்டாம், தடயம் அதன் நினைவகத்தில் இருக்கலாம். தவறு செய்த ஊழியரை எல்லோர் முன்னாலும் திட்டினால், அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார். நேரம் அங்கேயே வீணாகும்.

யாரை முதலில் அழைப்பது, கணினி ஆளின் நம்பர், தகவல் பாதுகாப்பு அதிகாரிகளின் தொடர்பு எண், பேக்கப் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, அச்சடித்து, ரிசப்ஷன் டிராயருக்குள் ஒட்டிவையுங்கள். கணினியில் மட்டும் வைத்திருந்தால், அது பூட்டிக் கிடக்கும் அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.