ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள்: ஜெனரிக்கையும் பிராண்டையும் ஒப்பிடும் முறை

மருந்துக்கடையில் "அதே மருந்துதான், கம்பெனி மட்டும் வேறு" என்று சொல்லி வேறொரு அட்டையைக் கொடுத்தால், விலையைப் பார்ப்பதற்கு முன் அது உண்மையில் அதே மருந்துதானா என்று பார்க்க வேண்டும். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப்பெயர். மருந்தின் பெயர் அதற்கு அருகே சிறிய எழுத்தில் இருக்கும். எலிக்விஸ் என்றால் அபிக்சபான், சரெல்டோ என்றால் ரிவரொக்சபான், பிளாவிக்ஸ் என்றால் குளோபிடோக்ரெல். அந்தச் சிறிய எழுத்துப் பெயரும் மில்லிகிராம் அளவும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பீட்டுக்கே இடமுண்டு. வார்ஃபரின், அசினோகூமரால் இரண்டும் வைட்டமின் கே வழியாகவே வேலை செய்தாலும், ஒன்று மற்றொன்றின் ஜெனரிக் (அதே மருந்தைப் பிற கம்பெனி தயாரிப்பது) அல்ல. ஒன்றின் மில்லிகிராம் கணக்கு மற்றதற்குப் பொருந்தாது.

குளோபிடோக்ரெலில் மருந்தோடு சேர்ந்திருக்கும் வேதி உப்பின் பெயர் பைசல்பேட், பெசிலேட் என்று மாறியிருக்கலாம். 75 மில்லிகிராம் என்பது உப்பை நீக்கிய மருந்தின் அளவைக் குறிப்பதால், அதனால் டோஸ் மாறிவிடாது. நிறமிகளும் லாக்டோஸ் போன்ற துணைப்பொருள்களும் மாறக்கூடும் என்பதால், ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பட்டியலையும் படிக்க வேண்டும்.

ஜெனரிக்கில் மருந்து 20 சதவீதம் குறைவாக இருக்கலாம் என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறான புரிதல். 80 முதல் 125 சதவீதம் என்ற வரம்பு மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் எடைக்கானது அன்று. ரத்தத்தில் சேரும் அளவை பிராண்டோடு ஒப்பிடும் ஆய்வில், சராசரி மட்டுமல்லாமல் அதன் 90 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான சராசரி இருக்கக்கூடிய எல்லை) முழுவதுமே அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். அளவு சற்றுப் பிசகினாலும் ஆபத்தாகும் மருந்துகளுக்கு ஐரோப்பிய விதி இதை ஏறத்தாழ 90 முதல் 111 சதவீதமாகச் சுருக்குகிறது.

அதிகக் கவனம் வேண்டியது வார்ஃபரினுக்குத்தான். இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு இதை எடுப்பவர்களின் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை எண்) பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ரத்தம் கட்டும் அபாயமும், மேலே போனால் ரத்தக்கசிவு அபாயமும் கூடும். இங்கே பிராண்டா ஜெனரிக்கா என்பதைவிட, மாதத்துக்கு ஒரு தயாரிப்பாளர் என்று மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒன்றிலேயே நிற்பதுதான் முக்கியம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் வார்ஃபரினின் கூமடின் பிராண்டே 2020இல் நிறுத்தப்பட்டதால், அதை எடுத்துவந்தவர்களுக்கும் இப்போது அதுவே கேள்வி. தயாரிப்பாளரை மாற்ற நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்லி, ஓரிரு வாரங்களுக்குள் ஐஎன்ஆர் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த இடைவெளியில் புதிதாக ஆன்டிபயாடிக் எடுத்திருந்தாலோ, கீரை உண்ணும் அளவு மாறியிருந்தாலோ அதையும் சொல்ல வேண்டும். இல்லையெனில் பழி வீணாகப் புதிய மாத்திரையின் மேல் விழும். நிறத்தை நம்பவே கூடாது: அமெரிக்காவில் இளஞ்சிவப்பு வார்ஃபரின் 1 மில்லிகிராம், பிரிட்டனில் அதே நிறம் 5 மில்லிகிராம்.

அபிக்சபான், ரிவரொக்சபான், டாபிகட்ரான் ஆகியவற்றுக்கு ஐஎன்ஆர் போன்ற வழக்கமான பரிசோதனை கிடையாது. ஆகவே உரிமம் பெற்ற தயாரிப்பா, மில்லிகிராம் சரியா என்பதை வாங்கும்போதே பார்த்தாக வேண்டும். ரிவரொக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை எந்தக் கம்பெனியுடையதானாலும் உணவோடுதான் எடுக்க வேண்டும். டாபிகட்ரானில் மருந்து வரும் பேக்கிங்கையும் ஒப்பிட வேண்டும்: அந்தக் கேப்ஸ்யூல் ஈரத்தைத் தாங்காது என்பதால் வாங்கிய பேக்கிங்கிலேயே இருக்க வேண்டும், மாத்திரைப் பெட்டிக்கு மாற்றக் கூடாது. கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டி விழுங்கினால் மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேரும்.

மாற்றம் முடிவானதும் பழைய அட்டையைத் தனியே எடுத்துவைத்துவிட வேண்டும். இரு பெயர்களையும் இரு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் விழுங்கினால் டோஸ் இரட்டிப்பாகிவிடும். மாற்றிய பிறகு மலம் கறுத்துப்போனாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, பல் ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். போகும்போது இரண்டு அட்டைகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.