பட்டு அந்துப்பூச்சி கலப்பினமா என்று கண்டறிவது எப்படி?

வட அமெரிக்காவின் பேரேரிகளை ஒட்டிய மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்களில் செக்ரோபியா, கொலம்பியா என்னும் இரண்டு பெரும் பட்டு அந்துப்பூச்சிகள் அருகருகே வாழ்கின்றன. ஹயலோஃபோரா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்த இவை, யாரும் இணைத்து வைக்காமலே சில நேரங்களில் கலந்துவிடுகின்றன.

முதலில் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். செக்ரோபியாப் புழு மேப்பிள், செர்ரி, பிர்ச் எனப் பல மரங்களின் இலைகளைத் தின்னும். கொலம்பியாப் புழுவுக்கோ சதுப்பு நிலத்து லார்ச் மரமே உணவு. ஆகவே, இவ்விரு வகை மரங்களும் சேர்ந்து நிற்கும் சதுப்பின் ஓரமே உங்களுக்கு ஏற்றது.

அடுத்து, கூட்டிலிருந்து அன்று வெளிவந்த பெண் பூச்சியை வலைக்கூண்டில் இட்டு, மே இறுதியிலோ ஜூனிலோ மரக்கிளையில் தொங்கவிட்டு, அதைத் தேடி ஆண் பூச்சிகள் வரும்வரை விடியலுக்கு முந்தைய சில மணி நேரம் காத்திருங்கள். இரண்டு இனங்களும் அந்நேரத்தில்தான் இணை சேர்கின்றன. இந்த ஒற்றுமை முக்கியமானது: கலோசாமியா என்ற வேறொரு பட்டு அந்துப்பூச்சிப் பேரினத்தில் பிரொமீத்தியா இன ஆண்கள் பிற்பகலிலும் அங்குலிஃபெரா இன ஆண்கள் இரவிலும் பறப்பதால், நேரமே அவற்றுக்கு வேலியாகிவிடுகிறது.

வந்து சேரும் ஆணை அதன் அகன்ற, இறகு போன்ற உணர்கொம்புகளால் அடையாளம் காணலாம். பிறகு இறக்கையின் குறுக்கே ஓடும் வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். செக்ரோபியாவில் அதன் வெளிப்புறத்தை ஒட்டிச் செங்கல் நிறப் பட்டை அகலமாக இருக்கும். கருஞ்சிவப்பு இறக்கை கொண்ட, உருவில் சிறிய கொலம்பியாவில் அப்பட்டை இராது. முதல் தலைமுறைக் கலப்பினத்தில் அது மெல்லிய சிவப்புத் தீற்றலாக நிற்கும். செதில் உதிர்ந்த பழைய இறக்கையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அதில் சிவப்பே மங்கியிருக்கும்.

பிடிபட்டது பெண் என்றால், அது வளமான முட்டை இடுகிறதா என்பதுதான் உறுதியான சான்று. கலப்பினத்தில் ஒரு பால் மட்டும் மலடானால், அது வெவ்வேறு பால் குரோமோசோம்களைக் கொண்ட பாலாகவே பெரும்பாலும் இருக்கும் என்று 1922இல் உயிரியலாளர் ஹால்டேன் எடுத்துக்காட்டினார். அந்துப்பூச்சிகளில் அது பெண். இக்கலப்பினப் பெண்கள் மலடாக இருக்க, ஆண்கள் வளமுடன் தாய், தந்தை இனங்களோடு மீண்டும் கலக்கின்றன. அப்படிப் பிறந்த பூச்சி செக்ரோபியாவைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், பிடித்த நாள், மணி, அருகிலுள்ள லார்ச் மரத்தின் தூரம் ஆகியவற்றை அன்றைக்கே குறித்துவையுங்கள்.