கடற்கரை நூலகங்களும் இணைப்புத் தரவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) நூல்களை ஒரு மாணவி தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நூலகப் பட்டியலில் அவர் அந்தப் பெயரிலேயே இருக்கலாம். இன்னொன்றில் செய்யிது முகம்மது ஆலிம், வேறொன்றில் இமாமுல் அரூஸ். மூன்றும் ஒருவரே என்று கீழக்கரையில் விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். கணினிக்கு அது தெரியாது. ஒவ்வொரு ஆளுக்கும் ஊருக்கும் பொருளுக்கும் மாறாத ஓர் இணைய முகவரியை அடையாளமாகக் கொடுத்து, அவற்றுக்கு இடையிலான உறவுகளையும் எழுதி வைத்தால் தெரியும். அதுதான் லிங்க்டு டேட்டா எனப்படும் இணைப்புத் தரவு. இணையவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 2006இல் இதற்கான நான்கு விதிகளை எழுதினார். ஸ்வீடன் தேசிய நூலகம் 2018இல் பல நூலகங்களுக்குப் பொதுவான தன் கூட்டுப் பட்டியலையே இந்த முறைக்கு மாற்றிவிட்டது.

நம் கல்லூரி நூலகங்களிலும் இதைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது, நல்ல விஷயம். ஆனால் எக்செல் பட்டியலை இணையத்தில் ஏற்றிவிட்டு "இணைத்துவிட்டோம்" என்கிறோம். அடையாள முகவரி இல்லாத பட்டியல் எதனோடும் இணையாது.

இதைவிடப் பெரிய தவறு, பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று முடிவு செய்வது. ராமநாதபுரம் என்றால் எது? ஊரா, மாவட்டமா, சேதுபதிகளின் ஜமீனா? மாவட்டம்தான் என்றாலும் சிக்கல் தீராது. 1985இல் பிரிக்கப்படும் வரை இன்றைய சிவகங்கை, விருதுநகர் பகுதிகளும் ராமநாதபுரம் மாவட்டம்தான். 1972இல் வந்த மாவட்ட கெசட்டியரை (மாவட்டத்தைப் பற்றிய அரசு விவர நூல்) இன்றைய மாவட்டத்தின் அடையாளத்தோடு 'சேம்ஆஸ்' (இரண்டும் ஒன்றே) என்ற உறவில் இணைத்தால், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலும் நம் கடற்கரைக் கணக்கில் வந்து விழும். ஒன்றைப் பற்றிச் சொன்னதெல்லாம் மற்றதற்கும் பொருந்தும் என்பதே அந்த உறவின் அர்த்தம். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் 'நெருங்கிய பொருத்தம்' என்ற தளர்வான உறவைப் போடுங்கள். பழைய மாவட்டத்துக்குத் தனி அடையாளம் கொடுத்து, எந்த ஆண்டு வரை என்று குறிப்பது இன்னும் நல்லது.

இதற்கு நேர்மாறான சிக்கல் சங்கில் வரும். 1914இல் ஜேம்ஸ் ஹார்னெல் எழுதிய ஆய்வு நூலில் சங்கின் அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி அறிக்கைகள் பலவற்றில் அதுவே ஸான்கஸ் பைரம். இன்று மறுபடி டர்பினெல்லா. இரண்டையும் இரு தலைப்புகளாக விட்டுவிட்டால், மண்டபத்து மீன்வள ஆய்வுகளைத் தேடுகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும். இதற்கு நாமே புது எண் உருவாக்க வேண்டியதில்லை. கடல் உயிரினங்களின் பெயர்களுக்கு வோர்ம்ஸ் என்ற உலகப் பதிவேடு இருக்கிறது, ஆசிரியர்களுக்குப் பல நாட்டு நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை ஒன்றுசேர்க்கும் வியாஃப், மற்ற பலவற்றுக்கும் யாரும் திருத்தக்கூடிய திறந்த தரவுத்தளமான விக்கிடேட்டா. முதலில் அங்கே தேடிவிட்டு, இல்லாவிட்டால் மட்டும் புதிதாகத் தொடங்குங்கள்.

சரி, இதையெல்லாம் முடிவு செய்வது யார்? கணினி தெரிந்த ஒருவர் தலையில் மொத்த வேலையையும் கட்டுவதுதான் இங்கே வழக்கம். அவர் மாற்றலாகிப் போனால் வேலை அங்கேயே நின்றுவிடும். கூட்டு முயற்சி என்று கூடினாலும் முதல் பேச்சு எந்த மென்பொருள் என்பதாகவே இருக்கிறது. அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆலிம், சங்கு குளிக்கிறவர், பாசி எடுக்கிற பெண்கள் ஆகியோரை யாரும் கூப்பிடுவதில்லை. ஆவுளியாவும் கடற்பசுவும் ஒன்றுதான் என்று இவர்கள்தான் சொல்ல முடியும். யார் சொல்லி, எந்த ஆதாரத்தில் இணைத்தோம் என்பதைப் பதிவிலேயே எழுதுங்கள். பின்னால் திருத்த வருகிறவருக்கு அது இல்லாமல் ஒன்றும் புரியாது.

அப்புறம், கிடைத்ததையெல்லாம் திறந்துவிடுவது. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. வாய்மொழிப் பதிவில் ஒரு பெரியவர் அட்டை கிடக்கும் இடத்தைச் சொல்லியிருந்தால், அதை அட்சரேகையோடு வெளியிடுவது திருடனுக்கு வழி காட்டுவதுதான். குடும்பச் சேகரிப்பில் உள்ள ஏடுகளுக்கும் கடிதங்களுக்கும் முதலில் வீட்டார் சம்மதம் வேண்டும். விக்கிடேட்டாவில் போட்ட தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பயிற்சிக்கு வருவோம். ஓசிஎல்சி என்ற பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பு 2014, 2015இல் பல நாட்டு நூலகங்களிடம் கேட்டபோது, பணியாளர்கள் இதைக் கற்றுக்கொள்ளப் படும் சிரமமும் பழைய தரவின் ஒழுங்கின்மையும் முக்கியத் தடைகளாகச் சொல்லப்பட்டன. நாமோ ஒருநாள் பயிலரங்கு நடத்தி, வெளிநாட்டு மாதிரித் தரவைத் திரையில் காட்டி, சான்றிதழோடு அனுப்பிவிடுகிறோம். பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவைப்படுவதால் வருகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. பயிற்சியை அமைக்கிறவர்கள்தான் மாற வேண்டும். வருகிற ஒவ்வொருவரும் தன் நூலகத்திலிருந்து இருபது பதிவுகளைக் கொண்டுவந்து, அவற்றில் உள்ள ஆசிரியர்களையும் ஊர்களையும் அங்கேயே இணைத்து முடிக்கட்டும். ஒரு மாதம் கழித்து அதே குழு கூடி, சிக்கிய பதிவுகளை மட்டும் பேசட்டும். பொதுநூலகமும் கல்லூரி நூலகமும் மதரஸா நூலகமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், ஒருவருக்குச் சிக்கியதை இன்னொருவர் அவிழ்த்துவிடுவார்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. திட்ட நிதியில் வாங்கிய இணையதளப் பெயரில் அடையாள முகவரிகளை உருவாக்காதீர்கள். நிதி நின்று, பெயரைப் புதுப்பிக்க ஆள் இல்லாமல் போனால் இணைப்பெல்லாம் அறுந்துவிடும். சிறிய நூலகம் என்றால், விக்கிடேட்டா எண்ணைக் கோஹா என்ற நூலக மென்பொருளில் உள்ள ஆசிரியர் பதிவின் 024ஆம் புலத்தில் (அடையாள எண்ணுக்கான இடம்) குறித்து வைத்தாலே போதும். மென்பொருள் மாறும்போது அந்த எண்ணும் பதிவோடு சேர்ந்து புது இடத்துக்குப் போய்விடும்.