பெட்டிக்குள் பழுப்புத் தூள்: பதப்படுத்திய பூச்சிகளைக் காப்பதில் நேரும் தவறுகள்

மாமா கொடுத்துவிட்டுப் போன வண்ணத்துப்பூச்சிப் பெட்டியை இரண்டு ஆண்டுகள் நான் திறக்கவே இல்லை. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் வீட்டில், அலமாரியின் உச்சியில் பத்திரமாக இருப்பதாக நினைத்திருந்தேன். ஒருநாள் தூசி தட்ட இறக்கியபோது, கரும்பச்சைப் பூச்சி ஒன்றின் உடலுக்குக் கீழே காப்பித்தூள் போல ஒரு சிறு குவியல். பக்கத்தில் அரிசிக் குறுணை அளவில், மேனியெங்கும் மயிருடன் ஒரு புழு. பெரிய அருங்காட்சியகங்களும் அஞ்சும் ஆந்த்ரீனஸ் வண்டின் புழு அது. வைத்துவிட்டு மறப்பதுதான் முதல் தவறு. மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். தூள் கண்ணில் பட்டால் உள்ளே யாரோ சாப்பிடுகிறார்கள் என்று பொருள்.

பலரும் உடனே அந்துருண்டையைப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். அதைவிட முக்கியம், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளின் இரத்த அணுக்களை அது சிதைக்கும். மலேசியாவில் பிறந்த குழந்தைக்கெல்லாம் இந்தக் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். வீட்டில் இந்த உருண்டை கூடாது என்று பெற்றோருக்குச் சொல்லியும் அனுப்புகிறார்கள்.

பெட்டியை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, −20 பாகை ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். புழுவும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் ஆவலில் பையைப் பிரித்துவிடாதீர்கள். ஒருநாள் அப்படியே கிடக்கட்டும். இல்லையென்றால் சில்லிட்ட சிறகின் மேல் நீர் கோக்கும்.

குளிர்சாதனத்தைப் பகலில் ஓடவிட்டு இரவில் நிறுத்துவது இன்னொரு தவறு. குளிர்ந்த அறைக்குள் நுழையும் பினாங்கின் ஈரக்காற்று கண்ணாடியில் பட்டு நீராகிறது. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். நம் தீவில் அது எளிதாக 80-ஐத் தொடும். குளிர்ச்சியை விட வறட்சிதான் தேவை. இறுக மூடும் பெட்டி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஓர் ஈரப்பதமானி போதும்.

சிப்பி, சங்கு வைத்திருப்பவர்கள் பலகைப் பெட்டியைத் தவிர்க்க வேண்டும். பலகையிலிருந்து கசியும் அமில ஆவி ஓட்டின் சுண்ணாம்பை வெள்ளைப் பொடியாக்கிவிடும்.

எனக்கு மிகவும் வலிப்பது சீட்டு இல்லாத பூச்சியைப் பார்க்கும்போதுதான். எங்கே, எந்த நாளில், யார் பிடித்தது என்று தெரியாவிட்டால் ஆய்வாளருக்கு அது வெறும் அலங்காரப் பொருள். “பினாங்கு” என்று மட்டும் எழுதினால் போதாது. 833 மீட்டர் உயரக் கொடிமலையில் வாழும் இனமும் தஞ்சோங் புங்கா கடற்கரையோர இனமும் ஒன்றல்ல. பந்துமுனைப் பேனா மை மங்கிவிடும், பென்சிலால் எழுதுங்கள். மாமாவின் பெட்டியில் மூன்று பூச்சிகள் தூளாகிப் போயின. அவற்றின் ஊசிகளில் சீட்டுகள் மட்டும் இன்னும் இருக்கின்றன: “கொடிமலை, 1987”.