ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தீம் பார்க் சவாரிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒவ்வொரு சவாரியின் வாசலிலும் நிற்கும் உயர அளவுகோல் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தருகிறது: இருக்கையின் பூட்டு இந்தக் குழந்தையின் உடலைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுமா? உள்ளே காத்திருக்கும் சத்தத்தையும் இருட்டையும், திடீரென்று முகத்தில் தெறிக்கும் நீரையும் அந்தக் குழந்தையால் தாங்க முடியுமா என்பதைப் பற்றி அந்த அளவுகோலுக்கு எதுவும் தெரியாது. ஆகவே ‘சிறு குழந்தைகளுக்கானது’, ‘குடும்பத்தோடு செல்லலாம்’, ‘சாகசம்’ என்று பூங்காக்கள் பிரித்து வைத்திருக்கும் பட்டியலை அப்படியே நம்பி ஆட்டிசம் உள்ள குழந்தையை அழைத்துச் செல்வது சரியான வழியன்று. மெதுவாகச் செல்லும் ஓர் இருட்டுச் சவாரியில் காதைப் பொத்திக்கொண்டு கதறும் குழந்தை, வெட்டவெளியில் சீறிப் பாயும் ரோலர் கோஸ்டரில் சிரித்துக்கொண்டே இறங்கி வரக்கூடும்.

இதற்குக் காரணம் உண்டு. ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்று என்பதை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட, மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு தன் வரையறைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. ‘மிகையாகவோ குறைவாகவோ’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். ஒரே குழந்தைக்கு ஒலி மிகையாகவும் அசைவு குறைவாகவும் உறைக்கலாம். அப்படிப்பட்ட குழந்தை சுழற்சியையும் வேகத்தையும் தேடித் தேடிப் போகும். ஆனால் ஒலிபெருக்கி ஒன்று அலறினால் அங்கேயே உட்கார்ந்துவிடும். ‘என் பிள்ளைக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது’ என்றோ ‘அவனுக்குப் பயமே கிடையாது’ என்றோ பொத்தாம்பொதுவாக முடிவு செய்வதில் பயனில்லை. எந்தப் புலனுக்கு எது உறைக்கிறது என்று தனித்தனியாகப் பார்த்தால்தான் தேர்வு சாத்தியமாகும்.

வீட்டிலேயே தொடங்கும் கணக்கெடுப்பு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள செசமி பிளேஸ் பூங்கா, 2018ஆம் ஆண்டு, சான்றளிக்கப்பட்ட ஆட்டிச மையம் என்ற தகுதியைப் பெற்ற உலகின் முதல் தீம் பார்க் ஆனது. தொடுகை, சுவை, ஒலி, மணம், காட்சி ஆகிய ஐந்து புலன்களுக்கும் ஒவ்வொரு சவாரி எவ்வளவு உறைக்கும் என்பதை 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டுக் காட்டும் பலகைகள் அங்கே வைக்கப்பட்டன. எல்லாப் பூங்காக்களிலும் இத்தகைய பலகை கிடைக்காது. ஆனால் அந்த முறையைக் கடன் வாங்கி நமக்கான அட்டை ஒன்றை நாமே தயாரித்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. என் கருத்தில், சவாரிகளைப் பொறுத்தவரை சுவைக்கு இடம் தேவையில்லை. அதற்குப் பதிலாக வேறு இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று, உட்காதில் இருந்துகொண்டு சாய்வு, சுழற்சி, வேகம் ஆகியவற்றை உணர்த்தும் சமநிலைப் புலன். மற்றொன்று, தசைகளிலும் மூட்டுகளிலும் அழுத்தத்தையும் உடலின் நிலையையும் உணர்த்தும் புலன். சவாரி என்பதே பெரும்பாலும் இவ்விரண்டோடு விளையாடுவதுதான்.

அட்டையின் ஒரு பக்கத்தில் குழந்தையைப் பற்றி எழுதிக்கொள்ளுங்கள். இதற்கான சான்றுகள் அன்றாட வாழ்விலேயே கிடக்கின்றன. மிக்ஸி ஓடும்போது குழந்தை எந்த அறைக்குப் போகிறது? குக்கர் விசிலைப் பொறுத்துக்கொண்டு, பொதுக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்தைக் கண்டு ஓடுகிறதா? கோயில் மேளம் தொடர்ந்து ஒலித்தால் பழகிக்கொள்கிறதா, தீபாவளி வெடி போல எதிர்பாராமல் வெடிப்பதுதான் தொல்லையா? இந்த வேறுபாடு மிக முக்கியமானது. தொடர்ந்த இரைச்சலைத் தாங்கும் குழந்தைக்கு இயந்திரங்கள் முழங்கும் கோஸ்டர் ஒத்துக்கொள்ளலாம். திடீர் ஒலியைத் தாங்காத குழந்தைக்கு வெடிச்சத்தம் உள்ள நிகழ்ச்சி எதுவும் ஒத்துவராது. ஊஞ்சலில் எவ்வளவு நேரம் ஆடுகிறது, தூளியில் இறுகச் சுற்றிக்கொண்டு படுப்பதை விரும்புகிறதா, திரையரங்கில் விளக்கு அணையும் நொடியில் என்ன செய்கிறது, சட்டையில் ஒரு சொட்டு நீர் பட்டாலும் மாற்றச் சொல்கிறதா என்று ஒரு வாரம் கவனித்தால் அட்டையின் பாதி நிரம்பிவிடும். குழந்தைக்குத் தொழிற்சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) அளிப்பவர் இருந்தால் அட்டையை அவரிடம் காட்டுங்கள். நாம் சேட்டை என்று எண்ணியிருந்தது அழுத்தத்தைத் தேடும் முயற்சி என்று அவர் சொல்லக்கூடும்.

ஆட்டிசத்தோடு வலிப்பு நோயும் சேர்ந்திருக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு மின்னும் விளக்குகள் உள்ள சவாரிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஒரு பூங்காவை எடுத்துப் பார்ப்போம்

அட்டையின் மறுபக்கம் சவாரிகளுக்கு உரியது. தமிழ்க் குடும்பங்கள் பல செல்லும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரை எடுத்துக்கொள்கிறேன். செந்தோசா தீவில் 2010இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில், நடந்து கடக்கக்கூடிய பரப்புக்குள் ஏறத்தாழ எல்லா வகைச் சவாரிகளும் அடங்கிவிடுகின்றன. எனவே ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சவாரி முழுவதையும் வெளியில் நின்றே பார்க்க முடியுமா என்பது. டைனோ-சோரின் என்ற சவாரியில் பறக்கும் டைனோசர் வடிவ இருக்கைகள் வட்டமாகச் சுற்றி வருகின்றன. அவற்றை மேலே ஏற்றுவதும் இறக்குவதும் குழந்தையின் கையிலேயே இருக்கிறது. வேலியருகே நின்று இரண்டு முறை பார்த்துவிட்டால் அதில் ஒளிந்திருக்கும் அதிர்ச்சி எதுவும் இல்லை என்பது குழந்தைக்கே தெரிந்துவிடும். 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மினியன் லேண்டில் உள்ள பக்கி பூகி என்ற குடைராட்டினமும் சுற்றி வருவதுதான். ஆனால் ராட்டினம் என்றாலே இசை உடன் வரும் என்பதால், ஒலிக்கு அஞ்சும் குழந்தையை முதலில் சற்றுத் தொலைவில் நிறுத்திக் கேட்கவையுங்கள். திறந்தவெளியில் பழைய ஜீப் போன்ற வண்டியில் மெதுவாகச் செல்லும் ட்ரெஷர் ஹண்டர்ஸ், சுழற்சி பிடிக்காத குழந்தைக்கு நல்ல தொடக்கம்.

இதற்கு நேர்மாறானது ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி. 122 செ.மீ. உயரம் இருந்தால் ஏறலாம். ஆனால் உள்ளே ஏறத்தாழ முழு இருட்டு, வண்டி முன்னோக்கியும் பின்னோக்கியும் பாய்கிறது, தீப்பிழம்பும் உண்டு. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் நிம்மதி கொள்ளும் குழந்தையிடமிருந்து அந்த ஒன்றையே இந்தச் சவாரி பறித்துவிடுகிறது. பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவோ 125 செ.மீ. உயரம் கேட்கும், பார்ப்பவர் வயிறு கலங்கும் இரட்டைக் கோஸ்டர். இருந்தாலும் அதன் தடம் முழுவதும் வெளியே தெரிகிறது, இருட்டு இல்லை, சிறிது நேரத்தில் முடிந்துவிடுகிறது. அசைவைத் தேடும், உயரம் போதுமான ஒரு குழந்தைக்கு மம்மியைவிட இது எளிதாக அமையலாம் என்று சொன்னால் வியப்பாகத்தான் இருக்கும். இரண்டு தடங்களுள் ஒன்றில் வழக்கம்போல் உட்கார்ந்து செல்லலாம். மற்றொன்றில் கால்கள் தொங்க, தலைகீழாகப் புரள வேண்டும். தரையில் கால் படாவிட்டால் கலங்கும் குழந்தைக்கு இந்த வேறுபாடு எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

இன்னொரு பொறி, உடலை அசைக்காதவை எல்லாம் மென்மையானவை என்ற எண்ணம். லைட்ஸ் கேமரா ஆக்‌ஷன் என்ற அரங்கில் நின்றுகொண்டே பார்த்தால் போதும். ஆனால் அங்கே பார்க்கக் கிடைப்பது இடியும் தீயும் சூழ ஒரு நகரத்தைப் புரட்டிப்போடும் புயல். வாட்டர்வேர்ல்டு நிகழ்ச்சியிலும் வெடிகளும் துப்பாக்கி ஒலியும் உண்டு. ட்ரான்ஸ்பார்மர்ஸ் சவாரியில் வண்டி உண்மையில் போகும் தூரம் குறைவு. முப்பரிமாணக் கண்ணாடி வழியே கண் காண்பதும் உட்காது உணர்வதும் ஒன்றோடொன்று முரண்படுவதால் சிலருக்குக் குமட்டல் வரும். மூக்கின் மேல் கண்ணாடி உட்காருவதையே பொறுக்காத குழந்தைக்கு அது தொடங்கும் முன்பே முடிந்த கதை. எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பது செசமி ஸ்ட்ரீட் ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ்: கட்டடத்துக்குள் தொங்கியபடி மெல்லச் செல்லும் வண்டி, தெரிந்த பொம்மைகள், ஆனால் இருட்டும் வண்ண விளக்கும் உண்டு. மற்ற இருட்டுச் சவாரிகளை முயலலாமா என்று அறிய இதை ஒரு சோதனையாகக் கொள்ளலாம்.

நீர்ச் சவாரிகளில், நனைவதைவிட நனைந்த உடையோடு நடப்பதே பெரும் துன்பம். ஜுராசிக் பார்க் ரேபிட்ஸில் ஏறுவதானால் மாற்றுடையைப் பையின் மேல்புறத்தில் வையுங்கள். அதன் நடுவே இருட்டான பகுதியும் டைனோசரின் உறுமலும் திடீர்ச் சறுக்கலும் வருகின்றன என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இருக்கையின் பூட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். தோள்மீது இறங்கி அழுத்தும் பூட்டு, இறுக அணைத்தால் அமைதியாகும் குழந்தைக்கு ஆறுதல். கழுத்துப் பட்டையைக்கூடத் தாங்காத குழந்தைக்குச் சிறை. மடியில் மட்டும் படும் கம்பி பலருக்கும் எளிது. பூட்டு விழுந்த பிறகு நடுவில் இறங்க முடியாது என்பதால், சவாரி எவ்வளவு நேரம் என்பதை வேகத்தைவிட முக்கியமாகக் கேட்டறியுங்கள். ‘நூறு எண்ணினால் முடிந்துவிடும்’ என்பது குழந்தை பற்றிக்கொள்ளக்கூடிய வாக்கு. ‘இதோ முடிந்துவிடும்’ என்பது அப்படியன்று.

சவாரியில் இருந்துகொண்டே எடுத்த காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் ஒலியில்லாமலும் பிறகு ஒலியோடும் காட்டுங்கள். உண்மையான இரைச்சலும் உடல் தூக்கிப்போடும் உணர்வும் திரையில் வராது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். காணொளியைக் காட்சி காட்சியாக மனப்பாடம் செய்துவிடும் குழந்தைகள் நேரில் ஒரு பொம்மை ஓடாவிட்டாலும் கலங்குவார்கள். அவர்களுக்கு இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்த காணொளிகளைக் காட்டுவது நல்லது.

வரிசை என்னும் தனிச் சவாரி

ஒன்றரை நிமிடச் சவாரிக்கு ஒரு மணி நேரம் நிற்க நேர்ந்தால், குழந்தை உண்மையில் அனுபவிப்பது வரிசையைத்தான். பல வரிசைகள் இருட்டாக, திரைகள் ஓட, முன்னும் பின்னும் ஆட்கள் உரச அமைந்தவை. பள்ளி விடுமுறை இல்லாத வார நாளைத் தேர்ந்தெடுங்கள். மிக முக்கியமான ஒரு சவாரியைக் கதவு திறந்தவுடன் முடித்துவிடுங்கள். சிங்கப்பூரில் யுனிவர்சல் எக்ஸ்பிரஸ் என்ற விரைவு அனுமதி தனி விலைக்கு விற்கப்படுகிறது. நாள் முழுவதும் இருக்கப் போவதில்லை என்றால் அந்தப் பணத்தை யோசித்தே செலவழிக்க வேண்டும். எந்தப் பூங்காவானாலும், ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு என்ன வசதி தருகிறார்கள், எந்தச் சான்றைக் கேட்கிறார்கள் என்பதைப் பயணத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். வாசலில் நின்று வாதாடும் நிலை வந்தால் அன்றைய பொறுமையின் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

காதுக்கவசம் பயன்படுத்தும் குழந்தையானால் இன்னொன்றையும் கேளுங்கள்: அதை அணிந்து ஏற அனுமதி உண்டா? வேகமான கோஸ்டர்களில் கழன்று விழக்கூடிய எதையும் அனுமதிப்பதில்லை. கவசம் இல்லாமல் அந்த ஒலியைத் தாங்காது என்றால் அந்தச் சவாரி பட்டியலில் இருக்கக் கூடாது. காதுக்குள் வைக்கும் பஞ்சு போன்ற அடைப்பான்கள் மாற்றாகலாம், ஆனால் அவற்றை வீட்டில் பல நாள் பழக்கியிருக்க வேண்டும்.

அன்றைய நாளில்

மூன்று சவாரிகளைப் ‘பச்சை’ என்றும், இரண்டை ‘பார்த்துவிட்டு முடிவு செய்வோம்’ என்றும், மற்றவற்றை ‘இந்த முறை இல்லை’ என்றும் பிரித்து, படங்களோடு குழந்தையின் கையில் கொடுங்கள். இருபது சவாரிகள் உள்ள இடத்தில் மூன்று மட்டுமா என்று தோன்றும். ஆனால் பிடித்த ஒன்றிலேயே குழந்தை எட்டு முறை ஏற விரும்பலாம், ஏறட்டும். அடுத்து வருவது முழுமையாகத் தெரிந்திருக்கும்போதுதான் சில குழந்தைகளுக்கு இன்பம் பிறக்கிறது.

சிங்கப்பூரில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மின்னல் அபாயம் இருந்தால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அரை மணி நேரம் நின்ற பிறகு மூடிவிட்டார்கள் என்பது பெரியவர்களுக்கே எரிச்சல் தரும். திட்டம் மாறுவதே துன்பமான குழந்தைக்கு அது நாளையே குலைத்துவிடும். ஆகவே ‘மழை வந்தால்’ என்று ஒரு படத்தையும் அட்டையில் முன்கூட்டியே சேர்த்து, மழையின்போது எங்கே உட்காரப் போகிறோம், என்ன தின்னப் போகிறோம் என்று காட்டிவிடுங்கள்.

ஏறும் இடம் வரை வந்துவிட்டு ‘வேண்டாம்’ என்று குழந்தை சொன்னால், அல்லது சொல்லாமலே உடலால் காட்டினால், திரும்பிவிடுங்கள். ஏறாமல் வெளியேற வழி காட்டுமாறு ஊழியரிடம் கேட்டால் காட்டுவார்கள். இவ்வளவு நேரம் நின்றோமே, டிக்கெட் விலை என்ன தெரியுமா என்ற எண்ணம் நமக்கு வருவது இயல்பு. ஆனால் ஒருமுறை ஏமாற்றி ஏற்றினால், அடுத்த முறை பச்சை என்று நாம் காட்டும் எதையும் குழந்தை நம்பாது. உடன்பிறந்தவர் அந்தச் சவாரியில் ஏற ஆசைப்பட்டால் பெற்றோரில் ஒருவர் அவரோடு செல்ல, மற்றவர் வெளியே இருக்கலாம். பிறகு இருவரும் மீண்டும் வரிசையில் நிற்காமல் இடம் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு பெரிய பூங்காக்கள் பலவற்றில் உண்டு.

ஒவ்வொரு சவாரியும் முடிந்த உடனே எடை போடாதீர்கள். பத்து நிமிடம் கழித்துக் கை அசைவு கூடுகிறதா, பேச்சு குறைகிறதா, நடை வேகமாகிறதா என்று பாருங்கள். சுழற்சியின் தாக்கம் பிந்தி வரும். அப்படித் தெரிந்தால், அட்டையில் இன்னும் ஒரு பச்சை மீதி இருந்தாலும் வெளியேறும் வாசலை நோக்கி நடப்பதே சரி. விடுதிக்குத் திரும்பியதும் எந்தச் சவாரியில், எந்த இருக்கையில், எத்தனை மணிக்கு, எப்படி இருந்தது என்று அட்டையின் ஓரத்திலேயே குறித்துவையுங்கள். அடுத்த முறை வேறொரு பூங்காவின் வரைபடத்தைக் கையில் எடுக்கும்போது அங்கிருந்தே தொடங்கலாம்.