ஒளிக்கூச்சம் வேறு, வாசிப்பு வேறு: புதிய சிறப்பாசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் பையிலிருந்து கலர் கலராகப் பிளாஸ்டிக் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். நீலம், பச்சை, ரோஸ், மஞ்சள். "மேடம், ஒரு பையன் வெளிச்சம் கூசுதுங்கறான், எழுத்து ஆடுதுங்கறான். எந்தக் கலர் செட் ஆகும்னு பார்க்கணும்" என்றார். எழுத்தின் மேல் ஏற்ற கலர் தாளை வைத்தால் வாசிப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை அது. எனக்குப் பகீரென்றது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கட்டுத் தாளோடு திரிந்தவள்தான் நானும்.

பிள்ளையைத் திட்டாதீர்கள், நல்ல வெளிச்சத்தில் உட்கார வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சறுக்கிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சார்ட்டில் கடைசி வரி வரை படித்தான், அதனால் கண் சரி

பள்ளி முகாமில் ஆறு மீட்டர் தள்ளி நிற்க வைத்துச் சார்ட்டைப் படிக்கச் சொல்வார்கள். பிளஸ் பவர் உள்ள பிள்ளை அதில் பெரும்பாலும் தப்பித்துவிடும். கண்ணுக்குள் இருக்கும் தசையை இறுக்கிப் பிடித்துக் கடைசி வரியையும் ஒப்பித்துவிடும். புத்தகத்தைக் கிட்டே வைத்துப் பத்து நிமிஷம் போனால்தான் குட்டு வெளிப்படும்: நெற்றி வலி, கண்ணில் நீர், எழுத்து மங்கித் தெளிந்து மங்குவது. பிள்ளை அதைத்தான் 'ஆடுது' என்று சொல்கிறதோ என்னவோ. சொட்டு மருந்து விட்டு அந்தத் தசையைத் தளர்த்திய பிறகு பவர் பார்த்தார்களா என்று பெற்றோரிடம் கேளுங்கள். "கம்ப்யூட்டர்ல பார்த்தாங்க" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. அந்த மருந்து விட்டால் கண்மணி விரிந்து வெளிச்சம் கூசத்தான் செய்யும். அட்ரோபின் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் நீளலாம். என்னிடம் பயின்ற ஒருவர், கண் பரிசோதனைக்குப் போய்வந்த மறுநாளே பிள்ளையைச் சோதித்து 'கடுமையான ஒளிக்கூச்சம்' என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார்!

கூச்சத்துக்குக் காரணம் தேடாமல் பெயர் தேடுவது

சித்திரை, வைகாசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டே வருகிறானா, நூல் நூலாகப் பீளை வருகிறதா? அது கண் அலர்ஜியாக இருக்கலாம். நம் வெயிலில் பையன்களிடம் அதிகம் பார்க்கிறேன். இமைக்கு உள்பக்கம் தடித்துப்போய்க் கருவிழியை உரசும், வெளிச்சம் பார்க்கவே விடாது. வெயிலில் இறங்கியதும் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறதா பிள்ளை? அவ்வப்போது வெளிப்பக்கம் விலகும் மாறுகண்ணாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலி உள்ள பிள்ளைக்கும் கூசும். இவை எதற்கும் 'வாசிப்புக் கோளாறு' என்று பெயர் இல்லை.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து

அலர்ஜிக்கு ஸ்டீராய்டு சொட்டு கேட்கும். இரண்டே நாளில் கண் வெளுத்துவிடும். அதே பாட்டிலை மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு பாழாகலாம், புரை விழலாம். டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்துங்கள்.

கலர் தாள்

இப்போது என் கதை. இரண்டாம் வகுப்புப் பையன். வெளிச்சம் கூசும், வாசிப்பு வராது. ஒரு பத்தியைச் சும்மா வாசிக்க வைத்தேன். பிறகு அதே பத்தியின் மேல் நீலத் தாளை வைத்து மறுபடி வாசிக்க வைத்தேன். நிமிஷத்துக்கு எட்டுச் சொல் கூட வந்தது. அம்மா அழுதேவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது தடவை வாசித்தால் யாருக்கும் வேகம் கூடும் என்பது அன்று உறைக்கவில்லை. நீலத்தை முதலில் வைத்திருந்தால் வெறும் தாள்தான் ஜெயித்திருக்கும்.

கலர் தாள் தேவையா என்று பார்க்கப் பிள்ளையிடம் கேட்கும் கேள்வித்தாள் அதைவிட மோசம். "எழுத்து நெளியுதா? ஓடுதா? பளபளன்னு இருக்கா?" எல்லாவற்றுக்கும் "ஆமா டீச்சர்." இப்போதெல்லாம் நடுவில் ஒரு கோணல் கேள்வியைச் செருகிவிடுவேன்: "எழுத்து மணக்குதா?" அதற்கும் "ஆமா டீச்சர்" என்று வந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

அப்பா ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து நீலக் கண்ணாடி செய்து போட்டார். எட்டு மாதம் ஓடியது. பாடப்புத்தகத்தை கடகடவென வாசித்தான். ஒருநாள் ஏதோ சந்தேகம் தட்டி, சிலேட்டில் அர்த்தமில்லாத மூன்று சொல் எழுதினேன்: மிதுகா, கெரளி, பொடுசை. நீலக் கண்ணாடியோடுதான் உட்கார்ந்திருந்தான். முதல் சொல்லைப் பார்த்து மௌனம். 'கெரளி'யைப் பார்த்துக் 'கேரளா' என்றான். 'பொடுசை'யில் துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு 'பெர...' என்று இழுத்து நின்றுவிட்டான். பாடத்தை மனப்பாடம் செய்திருக்கிறான். எழுத்தை ஒலியாக்கத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். அப்போதும் அதே 'கேரளா'தான்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல் அந்தப் பணத்தைப் பற்றியது அல்ல, அந்த எட்டு மாதத்தைப் பற்றியது. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை ஒலியாக்கி வாசிக்கத் தடுமாறும் கோளாறு உள்ள பிள்ளைக்கு ஒலியைப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. நான் தொடங்கும்போது அவன் மூன்றாம் வகுப்புக்குப் போய், 'எனக்குப் படிப்பு வராது' என்று முடிவே கட்டியிருந்தான். கூச்சத்துக்குக் காரணம் அலர்ஜி. கண் டாக்டர் ஒரே கோடையில் சரிசெய்தார். வாசிப்புக்குத் தனியாக இரண்டு வருஷம் ஆனது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருந்ததால் ஒரே வியாதி என்று நான்தான் முடிச்சுப் போட்டேன்.

இந்தக் கலர் வைத்தியம் 1983இல் கலிஃபோர்னியாவின் ஹெலன் இர்லன் என்ற உளவியலாளர் முன்வைத்த கருத்தில் இருந்து பரவியது. டிஸ்லெக்சியா மொழி சார்ந்தது, கண் கோளாறால் வருவதல்ல, கலர் லென்சும் ஃபில்டரும் அதைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாக அறிக்கை விட்டார்கள். நான் தாள் வைத்திருந்த காலத்தில் அது வந்திருக்கவில்லை. இப்போது வருகிறவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

கண் பயிற்சி செய்தால் படிப்பு வந்துவிடும்

கிட்டே பார்க்கும்போது இரு கண்ணும் சேர்ந்து உள்ளே குவியாத பிள்ளைகள் உண்டு. அதற்குப் பயிற்சி உண்டு, கண் சோர்வும் இரட்டைப் பார்வையும் குறையும். முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் செய்து 2019இல் வெளியான ஆய்வில், அந்தப் பயிற்சி வாசித்துப் புரிந்துகொள்வதில் போலிப் பயிற்சியைவிட மேலான பலன் எதையும் தரவில்லை. கண்ணுக்காகச் செய்யுங்கள், மார்க்குக்காக வேண்டாம்.

வகுப்பறைக்குள் கறுப்புக் கண்ணாடி

வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண் இன்னும் கூசும். வெளிச்சம் முகத்தில் அடிக்காதபடி பெஞ்சைத் திருப்பிப் போடுங்கள்.

கைக்குழந்தைக்குக் கூச்சம் என்றால் பிறகு பார்க்கலாம்

கூடாது. கண்ணில் நீர் வழிந்து, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தால் பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கலாம். அன்றைக்கே ஓடுங்கள்.

டாக்டருக்கு 'படிக்க மாட்டேங்கிறான்' என்று சீட்டு எழுதுவது

அதைப் படித்து டாக்டர் என்ன செய்வார்? நான் அந்தப் பெண்ணை உட்கார வைத்து எழுத வைத்தது இது: "வெயிலில் வலக்கண்ணை மூடுகிறான். வகுப்பில் கூசவில்லை. கண் அரிப்பு இல்லை. வாசிக்கத் தொடங்கிய உடனே தடுமாறுகிறான், நேரம் ஆக ஆக அல்ல. அர்த்தமில்லாத சொல் பத்தில் ஒன்றுதான் சரி." கடைசி இரண்டு வரியை எழுதும்போதே அவர் கலர் தாள்களைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.