இலவச வழக்கறிஞரை நம்பியிருக்கும் குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

சென்னையில் ஒருவர் குற்ற வழக்கில் கைதாகி, எழும்பூர், சைதாப்பேட்டை அல்லது ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்டுப் புழல் சிறைக்கு அனுப்பப்பட்டால், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குடும்பம் முதலில் செய்ய வேண்டியது உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ள சென்னை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுவதுதான். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் ஒரு தடையே அல்ல. எனவே வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நாட்களை வீணாக்க வேண்டாம். சிறைக்குள்ளிருந்தே மனு எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு.

வழக்கறிஞரைப் பெறுவது இவ்வளவு எளிது. அவருடைய நேரத்தைப் பெறுவதுதான் கடினம். நீதிபதிகள் குறைவாக இருப்பதால் வழக்குகள் தேங்கி, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே பரிந்துரைத்தது. இன்றும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களைக் கணக்கிட்டாலே சுமார் 21-தான் தேறுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக முழுநேரமும் உழைக்க, ‘லீகல் எய்ட் டிஃபென்ஸ் கவுன்சில்’ என்ற ஏற்பாட்டைத் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022-இல் விரிவுபடுத்தியது. மாதத் தொகை பெறும் இந்த வழக்கறிஞர்கள் தனியார் வழக்குகளை நடத்தக் கூடாது. நல்ல ஏற்பாடுதான்; ஆனால் மாவட்டம் முழுவதற்கும் ஓர் அலுவலகம் என்னும்போது, ஒரே காலையில் இரண்டு மூன்று நீதிமன்றங்களில் நிற்க வேண்டிய நிலை அவர்களுக்கு வந்துவிடுகிறது. இலவசமாக வருபவர் அக்கறையின்றி இருப்பார் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. அவருக்கு இல்லாதது பெரும்பாலும் அவகாசம்தான்.

ஆகவே, அவர் தேடிச் சேகரிக்க வேண்டியதை நாமே திரட்டிக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு ஏ4 தாள் போதும். மேலே கைதானவரின் பெயர், காவல் நிலையம், குற்ற எண், சட்டப் பிரிவுகள். அதன் கீழே கைதான தேதி, முதன்முதலில் ரிமாண்ட் செய்யப்பட்ட (நீதிமன்றம் காவலுக்கு அனுப்பிய) தேதி, அடுத்த வாய்தா. அதற்கும் கீழே சிறையில் கொடுத்த கைதி எண், உடல்நலக் குறைவு, முந்தைய வழக்கு ஏதேனும் இருந்தால் அதன் விவரம், உடனே எடுக்கும் தொலைபேசி எண். முந்தைய வழக்கை மறைக்காதீர்கள். ஜாமீன் மனு விசாரணையில் அரசு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். முதல் தகவல் அறிக்கை, பாலியல் குற்றம் போன்ற சில வகைகள் நீங்கலாக, காவல்துறை இணையதளத்தில் கிடைக்கும். அதை அச்செடுத்து இந்தத் தாளோடு இணைத்துவிடுங்கள்.

அந்தத் தாளில் மிக முக்கியமானது ரிமாண்ட் தேதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றங்களில் 90 நாட்களுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாட்களுக்குள்ளும் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 187-ஆவது பிரிவின்படி ஜாமீன் உரிமையாகவே கிடைக்கிறது. வணிக அளவிலான போதைப்பொருள் வழக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் கெடு நீளும். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்தியுள்ளது. இந்த உரிமை தானாகக் கைக்கு வராது: மனுப் போட வேண்டும், அதுவும் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே போட வேண்டும். 61-ஆவது நாள் காலையில் மனுத் தாக்கலாகாமல் மாலையில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் வாய்ப்பு போயிற்று. பல கோப்புகளைச் சுமக்கும் வழக்கறிஞருக்கு இந்த ஒரு நாள் தவறிப்போகலாம். ஆகையால் நான்கைந்து நாட்களுக்கு முன்பே அவருக்கு நினைவூட்டுவது குடும்பத்தின் வேலை. அதைத் தொல்லையாக எந்த வழக்கறிஞரும் நினைப்பதில்லை.

குற்றப்பத்திரிகை வந்து வழக்கு இழுத்துக்கொண்டே போனால் அதே சட்டத்தின் 479-ஆவது பிரிவைக் கவனியுங்கள். முன்பு தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர்கள் பாதியையும் சிறையில் கழித்திருந்தால் விடுவிப்புக்குத் தகுதி பெறுகிறார்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர் என்றாலும், நாள் கணக்கை எழுதி அவருக்கு ஒரு மனுவும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அதன் நகலும் கொடுத்து வைப்பது நல்லது.

நீதிபதி பணியிடம் காலியாக இருந்தால், பொறுப்பு நீதிபதி பெரும்பாலும் வாய்தா மட்டும் போடுவார். ஆனாலும் ஜாமீன் மனுவும் அவசர மனுக்களும் அவர் முன் வைக்கப்படலாம் என்பதால், ‘ஜட்ஜ் இல்லை’ என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) போட்டு முந்தைய மாலையே தேதியைப் பார்த்துவிட்டால், ஒரு நாள் கூலியை இழந்து வெறும் வாய்தாவுக்காக வராந்தாவில் நிற்பது குறையும்.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. ஏழு நாட்களுக்குள் கைதி வெளிவராவிட்டால் சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் பிணை கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழிகாட்டியது. அந்த ஏழாம் நாளில் நீங்களும் செயலாளருக்கு எழுதுங்கள்.

சட்ட உதவி வழக்கறிஞர் பணம் கேட்டாலோ, தொடர்ந்து ஆஜராகாமல் இருந்தாலோ, வழக்கு எண்ணையும் வராத வாய்தா தேதிகளையும் குறிப்பிட்டுச் செயலாளரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு வழக்கறிஞரை நியமிக்கும்படியும் அதே மனுவில் கேட்கலாம். அப்படி மாறும்போது பழைய வழக்கறிஞரிடமிருந்து வழக்குக் கட்டு முழுவதையும் திரும்பப் பெற்று, புதியவரிடம் அந்த ஏ4 தாளோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.